வண்ணார்பண்ணைக் கஞ்சித்தொட்டி

வண்ணார்பண்ணைக் கஞ்சித்தொட்டி என்பது, யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய 1877ஆம் ஆண்டில், பட்டினி கிடந்தோருக்கு இலவசமாகக் கஞ்சி வார்ப்பதற்காக ஆறுமுக நாவலர் (1822–1879) நிறுவிய அறப்பணி. அவருடைய வரலாற்றை எழுதியோர் இதனைக் 'கஞ்சித்தொட்டித் தருமம்' என்பர். ஊராரிடம் பொருள் திரட்டி, இல்லாதோருக்கு உணவாகக் கொடுக்கும் இத்தகைய அமைப்பு இன்று உணவு வங்கி எனப்படுகிறது. உலகின் முதல் உணவு வங்கியாகக் கொள்ளப்படுவது 1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியது. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே குடாநாட்டில் அந்த வேலை நடந்திருக்கிறது.

பின்னணி

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நெல் காலபோகத்தில் ஒரு தடவை விளையும். கிணறும் துலாவும் புகையிலைத் தோட்டத்தையும் மரக்கறியையும் காக்கும். பரந்த வயலைக் காக்கப் போதா. நல்ல ஆண்டிலும் உள்ளூர் நெல் போதாமையால், தென்னிந்திய அரிசி கடல் வழியாக வந்து இறங்கியது. விளைந்த நெல்லுக்கும் அரசு வரி வாங்கியது. அந்த வரி 1892இல்தான் நீக்கப்பட்டது.

1876இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டார் இன்றும் 'தாது வருடப் பஞ்சம்' என்று சொல்லும் அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்து, இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அக்கரையில் அரிசி அரிதானபோது, அதை நம்பியிருந்த இக்கரையிலும் அடுப்பு அணைந்தது. கூடவே வாந்திபேதியும் பரவியது.

பஞ்சகாலத்தில் குடாநாட்டாருக்குக் கைகொடுப்பது பனை. கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அதை இடித்த மாவில் பிட்டும் கூழும் ஆகும். பழக்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு, மாதக்கணக்கில் கெடாது. ஆனால் இவை காணியும் பனையும் உள்ளவன் வீட்டுச் சேமிப்பு. அன்றாடம் கூலி வேலை செய்து அரிசி வாங்கிய குடும்பத்துக்கு, வேலை நின்ற அன்றே பட்டினி. கஞ்சித்தொட்டி வேண்டியிருந்தது இவர்களுக்கே.

நிறுவியவர்

ஆறுமுக நாவலர் 1822 டிசம்பர் 18இல் நல்லூரில் பிறந்தார். தந்தை கந்தப்பிள்ளை, தாய் சிவகாமி. யாழ்ப்பாணத்து வெசுலியன் மிசன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தார். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 'நாவலர்' பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அளித்தது. அச்சுக்கூடம், பாலபாடங்கள், பெரியபுராண வசனம், 1864இல் சிதம்பரத்தில் தொடங்கிய பாடசாலை என்று அவர் பணி பாக்குநீரிணையின் இரு கரையிலும் விரிந்தது. மணம் செய்யாமல், தமக்கென்று சொத்துச் சேர்க்காமல் வாழ்ந்தார். பஞ்சம் வந்தபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. உயிர் இருந்ததோ இன்னும் ஓரிரண்டு ஆண்டுக்குத்தான்.

கஞ்சித்தொட்டியும் முறையீடும்

பள்ளிக்கூடத்துக்காகக் கையேந்திப் பழகியவர், பசிக்காகவும் கையேந்தினார். உள்ளவர்களிடம் பணமும் அரிசியும் பெற்று, வண்ணார்பண்ணையில் கஞ்சி வார்ப்பித்தார். கஞ்சி வறுமைக்கு ஏற்ற உணவு: ஒரு கொத்து அரிசி, சோறாக்கினால் எட்டுவதைவிடக் கஞ்சியாக்கினால் பலருக்கு எட்டும், நாட்கணக்கில் காய்ந்த வயிறும் அதைத் தாங்கும்.

அதே காலத்தில் இந்தியப் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணித்த சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். உழைத்தால்தான் உணவு, அதுவும் குறைந்த அளவில் என்பது அன்றைய ஆட்சியின் கணக்கு. பசித்தவன் என்ற ஒன்றே போதும் என்பது வண்ணார்பண்ணையின் கணக்கு.

நாவலர் கஞ்சி வார்த்ததோடு நிற்கவில்லை. வடமாகாண அரசாங்க அதிபராக இருந்த வில்லியம் துவைனம், பஞ்சத்திலும் நோயிலும் குடிகளைக் காக்கத் தவறினார் என்று வெளிப்படையாக எழுதினார். துவைனம் 1869 முதல் 1896 வரை அப்பதவியில் இருந்தவர். குடாநாட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது. அப்படிப்பட்டவரின் செயலைப் பொதுமக்கள் முன்னால் கேள்விக்கு உட்படுத்தியது சைவப் பிரசாரத்தைத் தாண்டிய குடிமைத் துணிவு. 1879இல் சட்டநிரூபண சபையின் தமிழர் இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அவர் ஆதரித்து நின்றதும் இதன் தொடர்ச்சியே. அவ்வாண்டு டிசம்பர் 5இல் நாவலர் காலமானார்.

முன்னும் பின்னும்

தமிழகத்தில் இராமலிங்க அடிகள் 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். அங்கு அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அருட்பா தொடர்பாக அவரோடு கடுமையாக வாதிட்டவர் நாவலர். கொள்கையில் எதிரெதிரே நின்ற இருவரும் பசி என்று வந்தபோது ஒரே வேலையைச் செய்தார்கள்.

குடாநாட்டில் சோறிடும் மரபு கோவிலையும் மடத்தையும் சுற்றி வளர்ந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு 'அன்னதானக் கந்தன்' என்றே பெயர். அங்குள்ள சந்நிதியான் ஆச்சிரமம் அன்னதானத்துடன் கல்விக்கும் மருத்துவத்துக்கும் உதவுகிறது. வீடுகளில் 'பிடியரிசி' என்ற வழக்கம் இருந்தது: உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்கள், சேர்ந்ததைப் பாடசாலைக்கோ தருமத்துக்கோ கொடுப்பார்கள். தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோவிலைச் சார்ந்து ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) இந்த மரபின் பெரும்பெயர். 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் கோவில்களும் அவர்களுக்குத் தங்குமிடமாயின. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் போரின் நினைவாக மே மாதத்தில் வழங்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி, பட்டினியையும் இழப்பையும் சேர்த்து நினைவுகூர்கிறது.

மதிப்பீடு

நாவலர் சாதி ஒழுங்கை ஏற்றவர். அவருடைய நூல்களே அதற்குச் சான்று. பிற்கால ஆய்வாளர் அதைக் கண்டித்தது நியாயமே, அதை மறைத்து அவரைப் போற்றுவது வரலாறாகாது. 1971இல் இலங்கை அவருக்கு முத்திரை வெளியிட்டது. நல்லூரில் மணிமண்டபம் உண்டு. ஆனால் பாடநூல்கள் அவரை வசனநடை வல்லாளராகவும் சைவம் காத்தவராகவும் சொல்லிவிட்டு, கஞ்சித்தொட்டியை ஒரு வரியில் கடந்து விடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் இரண்டு கடமைகள் உள்ளன: பசித்தவனுக்கு இன்றே உணவு கொடுப்பது, அவன் ஏன் பசித்தான் என்று பொறுப்பானவரிடம் கேட்பது. கொடை மட்டும் இருந்தால் பஞ்சம் திரும்ப வரும். கேள்வி மட்டும் இருந்தால் பதில் வருமுன் உயிர் போகும். இரண்டையும் ஒருவரே செய்தமையால்தான் வண்ணார்பண்ணைக் கஞ்சித்தொட்டி யாழ்ப்பாணத்தின் பொதுவாழ்வு வரலாற்றில் தனி இடம் பெறத் தகுந்தது.