தன்துடிப்பும் தோன்றா எழுவாயும்

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொரு கருத்து உண்டு. 'வந்தேன்' என்ற சொல்லில் வந்தவர் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. வினையின் விகுதியே அவரைக் காட்டிவிடுகிறது. அறிவியலில் 'தன்' என்று தொடங்கும் கலைச்சொற்களிலும் செய்பவர் மறைந்தே நிற்கிறார். ஆனால் அங்கே விகுதி துணைக்கு வராது. எழுவாயை ஆய்வகத்தில்தான் தேட வேண்டும். அருமண் தனிமங்கள் சேர்த்த ஒளியிழை லேசர்களில் காணப்படும் 'தன்துடிப்பு' அத்தகைய ஒரு சொல். சீரான ஆற்றலை ஊட்டினாலும் லேசர் சீரான ஒளியைத் தராமல் துடிப்புத் துடிப்பாகத் தருவதே தன்துடிப்பு.

இச்சிக்கல் லேசரோடு உடன்பிறந்தது. 1960 மே மாதம் கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் மாணிக்கக்கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். மாணிக்க லேசரின் ஒளி ஒழுங்கற்ற கூர்முனைகளின் தொடராக வெளிவருவதைப் பெல் ஆய்வகத்தினர் அதே ஆண்டில் பதிவுசெய்தனர். கிளர்வுற்ற அயனிகள் பெருகினால் ஒளி வளரும். ஒளி வளர்ந்தால் அந்த அயனிகள் குறையும். ஒளி தணிந்ததும் அயனிகள் மீண்டும் சேரும். இந்த ஊசலாட்டத்தை ஸ்டாட்ஸ், டிமார்ஸ் ஆகியோர் சமன்பாடுகளாக்கினர். எனினும் அச்சமன்பாடுகளின்படி ஊசல் சிறிது நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மாணிக்க லேசரில் அது அடங்கவில்லை. ஊசலை ஓயாமல் தூண்டுவது எது என்ற கேள்வி எஞ்சியது.

1964இல் வேறொரு திசையிலிருந்து ஒரு துப்புக் கிடைத்தது. சில சாயங்கள் மங்கலான ஒளியை உட்கவர்ந்துகொள்ளும். ஒளி கடுமையானால் அவற்றின் மூலக்கூறுகள் பெரும்பாலும் கிளர்வுற்று, மேலும் உட்கவர இயலாமல் தெவிட்டி, ஒளிக்கு வழிவிடும். இத்தகைய சாயத்தை லேசரின் இரு ஆடிகளுக்கிடையே வைத்தால், ஆற்றல் முதலில் தேங்கிப் பின்னர் ஒரே பெருந்துடிப்பாகப் பாய்கிறது. இதை அவ்வாண்டில் பல குழுக்கள் செய்துகாட்டின. இங்கே துடிப்பு பிறவினை. துடிக்கவைப்பது எது என்பது தெரியும். அதை வைத்தவரும் ஆய்வாளரே.

1961இல் எலியாஸ் ஸ்னிட்சர் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தில் நியோடிமியம் கலந்த கண்ணாடி லேசரை உருவாக்கினார். கண்ணாடி இழைகளிலும் லேசர் இயக்க முடியும் என்பதற்கு அவரது ஆய்வுகளே வழிவகுத்தன. எனினும் அருமண் இழைகள் பெருவழக்காகப் பல ஆண்டுகள் ஆயின. 1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும், பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசுர்வீரும் எர்பியம் இழைப் பெருக்கியை நிறுவிக்காட்டினர். தொலைத்தொடர்புக்கு உகந்த 1.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அது இயங்கியதால் எர்பியம் இழைகளின் மீது கவனம் குவிந்தது. குறுகிய இழையில் மிகுந்த பெருக்கம் வேண்டுமெனில் எர்பியத்தின் செறிவைக் கூட்ட வேண்டும். அவ்வாறு செறிவு கூட்டிய இழைகளால் ஆன லேசர்கள் முடிவின்றித் துடித்தன. அவற்றினுள் சாயமும் இல்லை, வேறு எந்த உட்கவர்பொருளையும் யாரும் வைக்கவில்லை.

பிரான்சின் லானியோன் நகரில் பணியாற்றிய லெ பூதெக், சான்செஸ், ஃபிரான்சுவா, ஸ்தெஃபான் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கொரு விடையை முன்வைத்தன. அருமண் அயனிகள் சிலிக்காவில் எளிதில் பரவுவதில்லை. செறிவு கூடினால் அருகருகே இணைகளாக அமைகின்றன. ஓர் இணையின் இரு அயனிகளும் கிளர்வுற்றால், ஒன்று தன் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்து அடிநிலைக்கு இறங்கிவிடுகிறது. எர்பியத்தின் கிளர்வுநிலை சுமார் 10 மில்லிநொடி நீடிக்கக்கூடியது. இணைக்குள் நிகழும் இப்பரிமாற்றமோ மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும். ஆகவே இணையில் ஓர் அயனி ஏறத்தாழ எப்போதும் அடிநிலையிலேயே இருந்து லேசர் ஒளியை உட்கவர்கிறது. ஒளி மிகக் கடுமையாகும்போது அதுவும் தெவிட்டி வழிவிடுகிறது. சாயத்தின் வேலையை எர்பியத்தின் ஒரு பகுதியே செய்கிறது. ஒளியைப் பெருக்குவதும் தடுப்பதும் ஒரே தனிமமாக இருந்ததால்தான் அந்த எழுவாய் கண்ணில் படவில்லை.

தேடல் இத்துடன் முடியவில்லை. இட்டெர்பியம் அயனிக்கு எர்பியத்தைப் போல அடுக்கடுக்கான மேல்நிலைகள் இல்லை. இணைகள் அதே வழியில் ஆற்றலைப் பரிமாற இயலாது. ஆனால் இட்டெர்பியம் இழை லேசர்களும் துடிக்கின்றன. அங்கே ஆற்றலூட்டும் ஒளி போதிய அளவு எட்டாத இழைப்பகுதி தெவிட்டும் உட்கவர்பொருளாகிவிடலாம். அல்லது கண்ணாடிக்குள் எழும் ஒலியலைகள் ஒளியைத் திடீரெனப் பின்னோக்கித் திருப்பும் பிரில்லுவான் சிதறல் துடிப்பைத் தூண்டலாம். உயர்திறன் லேசரில் இத்தகைய ஒரு துடிப்பே இழையின் முனையைச் சிதைத்துவிடக் கூடும்.

இவை அனைத்துக்கும் வழங்கும் பெயர் ஒன்றே. அப்பெயர் நோய்க்குறியைச் சுட்டுகிறது, காரணத்தை அல்ல. இணைகளே காரணமெனில், கண்ணாடியில் அலுமினியம் சேர்த்து அயனிகளை விலக்கி அமைக்கலாம். ஆற்றல் எட்டாத பகுதியே காரணமெனில், இழையைக் குறுக்கலாம், அல்லது இரு முனைகளிலிருந்தும் ஆற்றலூட்டலாம். பின்திரும்பும் ஒளியே காரணமெனில், அலுமினியம் சேர்ப்பதால் பயனில்லை. அந்த ஒளியைத் தடுக்கவே வழி காண வேண்டும். துடிக்கும் லேசரின் முன் நிற்கும் ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வாக்கியத்தின் எழுவாய் எது என்பதே.