புகையின் நாடி: உயிர்வளி உணர்கருவியின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் உழைத்தனர். அக்காலச் சுங்கை பாக்காப் பகுதியில் பாரம் சுமந்தவை மாட்டு வண்டிகளே. இன்று அவ்வூர்ச் சாலைகளில் கார்கள் நிறைந்துள்ளன; கார் பழுது பார்க்கும் பட்டறைகளில் ‘ஆக்சிஜன் சென்சார்’ என்னும் பெயர் அடிக்கடி அடிபடுகின்றது. அதனைத் தமிழில் உயிர்வளி உணர்கருவி எனலாம். விரல் அளவே உடைய இச்சிறு கருவிக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு.

அவ்வரலாறு காரில் தொடங்கவில்லை, விளக்கில் தொடங்கிற்று. 1897-இல் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட், சிர்கோனியாவுடன் யிட்ரியா கலந்த சுட்ட பீங்கான் கோலைக் கொண்டு ஒரு மின்விளக்கை அமைத்தார். சூடேறிய அப்பீங்கானின் ஊடே உயிர்வளி, மின்னேற்றம் பெற்ற துகள்களாகச் செல்ல வல்லது. அதன் இருபுறத்தும் உயிர்வளியின் அளவு வேறுபடின் மின்னழுத்தம் பிறக்கும். அதனைக் கணக்கிடும் சமன்பாடும் நெர்ன்ஸ்ட் வகுத்ததே. 1920-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இப்பீங்கானின் மூலப்பொருள்கள் தமிழருக்கு அயலானவை அல்ல. சிர்கோனியாவைத் தரும் சிர்க்கான், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ளது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தபின் எஞ்சிய ‘அமாங்’ மணலிலும் சிர்க்கான் உண்டு. யிட்ரியம் அடங்கிய செனோடைமும் உண்டு. கழிவென ஒதுக்கப்பட்ட மணலில் இத்தகைய அரும்பொருள் இருந்தமை எண்ணத்தக்கது.

விளக்கில் பிறந்த அறிவு புகைக்குழாய்க்கு வந்தது எவ்வாறு? 1940-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் வருத்தியது. அதற்குக் காரின் புகையும் ஒரு காரணமே என ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். 1970-இல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டம் இயற்றியது. நச்சுப்புகையை மாற்றும் ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்’ செவ்வனே இயங்க, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் எடை அளவு பிறழாதிருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் காவலனாக, 1976-இல் போஷ் நிறுவனத்தின் உணர்கருவி வால்வோ கார்களில் இடம்பெற்றது.

இக்கருவிக்கும் கன்வெர்ட்டருக்கும் பெட்ரோலில் கலந்த காரீயம் பகையாகும். மனிதர்க்கு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது அதனினும் பெரும்பகை. கருவியைக் காக்க விலக்கப்பட்ட காரீயம் குழந்தைகளையும் காத்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய கார்களுக்கு 1995-இல் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. மலேசியா 1996-இல் பெட்ரோல் வண்டிப் புகைக்கு விதிகள் வகுத்தது. உலகில் இறுதியாகக் காரீயப் பெட்ரோலைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் கொண்டது. அதில் இக்கருவி இல்லை. பின்வந்த கார்களில் பொதுவாக ஒன்று எஞ்சினுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையிலும், மற்றொன்று கன்வெர்ட்டருக்குப் பின்னும் இருக்கும். முன்னது கலவையை அளக்கும். பின்னது கன்வெர்ட்டரின் வேலையைக் கண்காணிக்கும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் கருவியைக் கழற்றி எறிதல் முறையன்று. எஞ்சின் நன்கு சூடேறியபின் மின்னழுத்தமானி கொண்டு சோதித்தல் வேண்டும். பழைய வகைச் சிர்கோனியாக் கருவியாயின், முன்னதன் அழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைந்து ஏறி இறங்கும். அழுத்தம் தாழ்ந்தே நின்றால் கருவி கெட்டதென்று உடனே முடிவு செய்தல் கூடாது. குழாயின் வெடிப்பு வழியே வெளிக்காற்று நுழைந்தாலும் அவ்வாறே காட்டும். வெடிப்பு இல்லையாயின், கலவையில் சிறிது எரிவாயு சேர்த்துப் பார்க்கலாம். அழுத்தம் உடனே உயர்ந்தால் கருவி பிழைபடவில்லை, பிழை வேறிடத்தது. பின்னதன் அழுத்தமும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் நலிந்தது என ஐயுறலாம். புதிய வகைக் கருவிகள் சிலவற்றுக்கு இவ்வளவைகள் பொருந்தா. அவற்றுக்கு அந்தந்தக் காரின் கையேடே வழிகாட்டி.

நாடி பிடித்துப் பாராமல் மருந்து கொடுக்கும் மருத்துவரை எவரும் நம்புவதில்லை. உள்ளதை உள்ளவாறு சொல்லும் கருவியின் மீதே பழி சுமத்தினால், உழைப்பவரின் பணமும் வீண்; உண்மையான பழுதும் நீங்காது; ஊரார் மூச்சில் கலக்கும் நஞ்சும் குறையாது. சோதித்துத் தெளிதல் பட்டறைக்கும் பள்ளிக்கும் பொதுவான அறம் அன்றோ?