சாண்ட்விச்சுக்கு அபராதம், பெட்டிக்குக் கட்டணம்: அட்லாண்டிக் விமானச்சீட்டின் வரலாற்றிலிருந்து

1958ஆம் ஆண்டில் உலகின் பெரிய விமான நிறுவனங்கள் சில, ஒரு சாண்ட்விச் எத்தகையதாக இருக்கலாம் என்பது குறித்துக் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டன. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கோ பாஸ்டனுக்கோ மலிவான சீட்டுத் தேடும் ஆய்வு மாணவர் இன்று எதிர்கொள்ளும் குழப்பத்தின் வேர்களுள் ஒன்று அந்தச் சண்டையில் இருக்கிறது என்பது என் கருத்து. பெட்டிக்குத் தனிக் கட்டணம், இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம், தேதியை மாற்றத் தனிக் கட்டணம் என்று சீட்டு துண்டு துண்டாக உடைந்து கிடப்பதை அண்மைக்காலப் பேராசை என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. பேராசை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘கட்டணம்’ என்ற சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும், அதை முடிவு செய்வது யார் என்ற வழக்கு, அட்லாண்டிக் தடத்தில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது.

1945 ஏப்ரலில் ஹவானாவில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், அதாவது ஐயாட்டா, நிறுவப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்காவும் பிரிட்டனும் செய்துகொண்ட பெர்முடா ஒப்பந்தம், இரு நாடுகளுக்கிடையிலான கட்டணங்களை இச்சங்கத்தின் மாநாடுகளில் நிறுவனங்களே கூடிப் பேசி நிர்ணயிக்கவும், அரசுகள் அதற்கு ஒப்புதல் வழங்கவும் வழி செய்தது. எளிய தமிழில் சொன்னால், அரசுகளின் முத்திரை பெற்ற விலைக் கூட்டணி. 1952 மே முதல் நாளன்று அட்லாண்டிக்கில் சுற்றுலா வகுப்பு அறிமுகமானபோது நியூயார்க்–லண்டன் இருவழிக் கட்டணம் 486 டாலர். முதல் வகுப்புக்கு 711 டாலர். அந்த 486 டாலர் இன்றைய மதிப்பில் ஐயாயிரம் டாலரைத் தாண்டும். ‘மலிவு வகுப்பு’ என்று அன்று கொண்டாடப்பட்டது இதுதான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1958இல் அதற்கும் கீழே ‘எகானமி’ வகுப்பு வந்தது. கட்டணம் குறைந்ததால், இவ்வகுப்புப் பயணிகளுக்குச் சூடான உணவு கிடையாது, சாண்ட்விச் மட்டுமே என்பது உறுப்பு நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ஸ்காண்டிநேவிய நாடுகளின் கூட்டு நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., தன் நாட்டு மரபுப்படி, மேலே மூடாத ஒற்றை ரொட்டித் துண்டின் மீது இறைச்சியும் மீனும் காய்கறியும் அடுக்கிப் பரிமாறியது. அதுவும் சாண்ட்விச்தான் என்பது அவர்கள் வாதம். இது சாண்ட்விச் அன்று, விருந்து என்று பான் அமெரிக்கனும் டி.டபிள்யூ.ஏ.வும் முறையிட்டன. ஐயாட்டா கூடி ஆராய்ந்து, சாண்ட்விச் என்பது குளிர்ந்ததாகவும் எளியதாகவும் விலை குறைந்ததாகவும் இருக்க வேண்டும், ரொட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றெல்லாம் இலக்கணம் வகுத்தது. எஸ்.ஏ.எஸ். நிறுவனத்துக்கு 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே 1958இல்தான் ஐயாட்டாவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் புதுதில்லியில் நடந்தது. சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஏர்-இந்தியாவின் ஜே.ஆர்.டி. டாட்டா. 1960 மே மாதத்தில் ஏர்-இந்தியாவும் லண்டன் வழியாக நியூயார்க்குக்குப் பறக்கத் தொடங்கியது. ஆக, இக்கதையை நாம் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர்.

சாண்ட்விச் சண்டையின் உட்பொருள் எளியது. விலையில் போட்டியிடத் தடை இருந்ததால் போட்டி முழுவதும் தட்டுக்கு இடம்பெயர்ந்தது. தட்டையும் ஒழுங்குபடுத்தினால்தான் விலைக் கட்டுப்பாடு நிலைக்கும். பெட்டிகளுக்கும் இதே விதி: முதல் வகுப்புக்கு 30 கிலோ, கீழ் வகுப்புக்கு 20 கிலோ. ‘அந்தக் காலத்தில் எல்லாம் சீட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது’ என்று ஏங்குவோர், அந்த அடக்கம் விருந்தோம்பலால் வந்ததன்று என்பதையும், அந்தச் சீட்டை வாங்க வல்லவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கூட்டணிக்கு வெளியே நின்றவர்களிடமிருந்துதான் மலிவுச் சீட்டு பிறந்தது. ஐஸ்லாந்தின் லோஃப்ட்லேய்டிர் நிறுவனம் ஐயாட்டாவில் சேரவில்லை. பிறர் ஜெட் விமானங்களுக்கு மாறிய பின்னும் விசிறி விமானங்களையே இயக்கி, ரெய்க்யவீக் வழியாக லக்சம்பர்க்குக்குக் குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றிச் சென்றது. மாணவர்களும் முதுகுப்பை இளைஞர்களும் அதில் நிறைந்திருந்ததால் ‘ஹிப்பி விமானம்’ என்ற பெயர் பெற்றது. நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தும் வழி அது.

மற்றொரு வழி சார்ட்டர் விமானங்கள். விதிப்படி, பயணத்தைத் தவிர வேறொரு நோக்கத்துக்காக அமைந்த சங்கமொன்றில் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருப்பவருக்கே அவற்றில் இடம். விளைவை ஊகிப்பது கடினமன்று. பெயரளவிலான சங்கங்கள் முளைத்தன. பின்தேதியிட்ட உறுப்பினர் அட்டைகள் புழங்கின. விமான நிலையங்களில் அலுவலர்கள் பயணிகளைக் குறுக்கு விசாரணை செய்தனர். மலிவாகப் பறப்பதற்காகப் பொய் சொல்ல வேண்டிய கட்டாயத்தைச் சாதாரண மனிதர்மீது சுமத்திய அந்த விதி, என் பார்வையில், இந்த வரலாற்றின் மிக இழிவான பகுதி.

அந்த விசாரணைகளால் வெகுண்டவர்களுள் ஒருவர் ஃபிரெடி லேக்கர். சங்கமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம், அன்றன்று வந்து சீட்டு வாங்கி ஏறிக்கொள்ளலாம் என்ற ‘ஸ்கைட்ரெயின்’ திட்டத்துக்கு 1971இல் அவர் விண்ணப்பித்தார். 1972இல் உரிமம் கிடைத்தது. பின்னர் தொழிற்கட்சி அரசு அதை முடக்கியது. லேக்கர் நீதிமன்றம் சென்றார். அமைச்சர் தம் அதிகார வரம்பை மீறினார் என்று டென்னிங் பிரபு உள்ளிட்ட மேல்முறையீட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நிர்வாகச் சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்வழக்கை வேறொரு காரணத்துக்காகப் படித்திருப்பார்கள். 1977 செப்டம்பர் 26 அன்று கேட்விக்கிலிருந்து முதல் ஸ்கைட்ரெயின் புறப்பட்டது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. நியூயார்க்கிலிருந்து திரும்ப 135 டாலர். உணவு வேண்டுமெனில் தனியே காசு.

சாண்ட்விச் கதை இங்கேதான் தலைகீழாகிறது. 1958இல் கட்டணத்துக்குள் அதிகமாக உணவு வைத்தது குற்றம். 1977இல் உணவைக் கட்டணத்திலிருந்து வெளியே எடுத்தது புரட்சி. லேக்கர் அதை மறைக்கவில்லை; எது அடங்கும், எது அடங்காது என்பது வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். பெரிய நிறுவனங்கள் உடனே ஸ்டாண்ட்பை கட்டணங்களை அறிவித்து அவருடைய விலையை நெருங்கின. அவருடைய விமானக் கடன் டாலரில், வருவாயில் பெரும்பகுதி பவுண்டில். பவுண்டு சரிந்தபோது அடித்தளம் ஆட்டம் கண்டது. 1982 பிப்ரவரி 5 அன்று நிறுவனம் மூடப்பட்டது. போட்டியாளர்கள் கூடிச் சதி செய்து தம்மை வீழ்த்தினர் என்ற வழக்கு 1985இல் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடிக்கப்பட்டது.

லேக்கர் விட்ட இடத்தை 1983 மே மாதம் நெவார்க்–கேட்விக் தடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் பிடித்தது. ஒருவழி 149 டாலர், ஏற்றும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 3 டாலர், தின்பண்டங்கள் விலைக்கு. இன்றைய வடிவம் ஏறத்தாழ முழுமையாக அங்கே இருக்கிறது. 1987இல் அதுவும் கான்டினென்டலில் கரைந்தது.

அடுத்த திருப்பம் பெட்டியில் அன்று, எரிபொருளில் வந்தது. 2004க்குப் பின் எண்ணெய் விலை ஏறியபோது கட்டணத்தை உயர்த்துவதற்கு மாறாக ‘எரிபொருள் மிகைக்கட்டணம்’ என்ற தனி வரியைச் சீட்டில் சேர்த்தார்கள். 2004 ஆகஸ்டுக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் இத்தொகையைத் தமக்குள் பேசி வைத்து உயர்த்தின. 5 பவுண்டாக இருந்தது 60 பவுண்டு வரை சென்றது. வர்ஜின் தானே முன்வந்து ஒப்புக்கொண்டு தண்டனையிலிருந்து விலக்குப் பெற்றது. 2007இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் பிரிட்டனில் 121.5 மில்லியன் பவுண்டும், சரக்குப் போக்குவரத்துக் குற்றங்களையும் சேர்த்து அமெரிக்காவில் 300 மில்லியன் டாலரும் அபராதம் அறிவிக்கப்பட்டன. பிரிட்டிஷ் அபராதம் பின்னர் 58.5 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாநாட்டு மேசையில் சட்டப்படி நடந்த வேலை, இப்போது சீட்டின் ஓரத்திலிருந்த ஒரு வரியில் திருட்டுத்தனமாக நடந்திருக்கிறது. பயணியின் கண் கட்டணத்தில் இருக்கும்போது, கூட்டணி மிகைக்கட்டணத்தில் அமைந்தது.

2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உள்நாட்டுப் பயணத்தில் முதல் பெட்டிக்கே 15 டாலர் கேட்டது. பிற பெருநிறுவனங்கள் பின்தொடர்ந்தன. இதற்கு வரி சார்ந்த ஊக்கமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு 7.5 விழுக்காடு கூட்டாட்சி வரி. பெட்டிக் கட்டணத்துக்கு அவ்வரி இல்லை. கட்டணத்திலிருந்து பிரித்தெடுத்த ஒவ்வொரு டாலரும் வரியிலிருந்தும் தப்புகிறது. ‘பெட்டி பயணத்தின் பகுதியன்று’ என்ற இந்தத் தருக்கம் எங்கெங்கோ பரவியிருக்கிறது. பயண நல்கையில் சென்ற என் பெட்டிக் கட்டண ரசீதை ஒரு நிதி அலுவலகம் ‘இது பயணக்கட்டணம் ஆகாது’ என்ற குறிப்புடன் திருப்பியனுப்பியது. நம் நல்கை விதிகள் பல, கட்டணத்துக்குள் எல்லாம் அடங்கிய காலத்தின் சொற்களிலேயே நிற்கின்றன. அந்த இடைவெளியை நிரப்புவது மாணவரின் உதவித்தொகை.

2013இல் நார்வீஜியன் நிறுவனம் நெடுந்தொலைவுப் பயணங்களைத் தொடங்கியது. அதன் அயர்லாந்துக் கிளைக்கு அமெரிக்க அனுமதி கிடைக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2017இல் 65 டாலர் ஒருவழிச் சீட்டு என்ற விளம்பரம் வந்தது. இறங்கும் ‘நியூயார்க்’ நிலையம் மன்ஹாட்டனிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே இருந்த ஸ்டூவர்ட் என்பது கவனிக்கத்தக்கது. இந்த 65 டாலருக்கு விடையாகப் பழைய நிறுவனங்கள் 2018இல் அட்லாண்டிக் தடத்திலும் ஏற்றும் பெட்டியில்லாத அடிப்படைச் சீட்டுகளைக் கொண்டுவந்தன. பிரைமேரா ஏர் 2018 அக்டோபரிலும் வாவ் ஏர் 2019 மார்ச்சிலும் நின்றுபோயின. நார்வீஜியன் 2021இல் நெடுந்தொலைவைக் கைவிட்டது. ஐஸ்லாந்தின் பிளே 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. மலிவுக்காரர்கள் போனார்கள், அவர்களை எதிர்க்க உருவாக்கிய அடிப்படைச் சீட்டு மட்டும் போகவில்லை.

இனி, இவ்வாண்டு மாநாட்டுக்குச் செல்ல முனைவோருக்கு. ஓர் அடிப்படைச் சீட்டு 380 டாலர், பெட்டி அடங்கிய சீட்டு 470 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் அடிப்படைச் சீட்டில் முதல் பெட்டிக்கு அண்மை ஆண்டுகளில் ஒரு வழிக்கு 75 டாலர் அளவில் வாங்கியிருக்கின்றன. போக வர 150. முதல் சீட்டு 530 ஆகிவிடுகிறது. கைப்பையோடு நான்கு நாள் சென்று வருபவருக்கு மட்டுமே அது மலிவு. இதைவிட முதன்மையானது, தேதியை மாற்றும் உரிமை. இந்தியக் கடவுச்சீட்டுடையோரின் விசா எந்த வாரம் வரும் என்பது நம் கையில் இல்லை. மாற்றவும் இயலாத, பணமும் திரும்பாத சீட்டு நமக்கு ஒருபோதும் அதன் அச்சிட்ட விலையில் கிடைப்பதில்லை.

தில்லியிலிருந்து லண்டனுக்கு ஒன்று, அங்கிருந்து நியூயார்க்குக்கு ஒன்று என்று இரு தனிச் சீட்டுகள் வாங்கும் உத்தியைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். ஐரோப்பியக் கடவுச்சீட்டுடையவருக்கு அது பொருந்தலாம். ஏற்றிய பெட்டியை வெளியே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டுமெனில் நாம் அந்நாட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. மேலும், பிரிட்டனின் விமானப் பயணி வரி ஒரே சீட்டில் இணைப்பு விமானம் மாறிச் செல்வோருக்கு இல்லை. தனிச் சீட்டுக்காரர் அங்கிருந்து புறப்படுபவராகவே கருதப்படுவார். 1994இல் நெடுந்தொலைவுக்கு 10 பவுண்டாகத் தொடங்கிய இவ்வரி, 2025 ஏப்ரலில் நியூயார்க் தொலைவுக்கு எகானமி வகுப்பில் 90 பவுண்டாக உயர்ந்தது. லேக்கரின் முழுச் சீட்டு 59 பவுண்டு!

சட்டம் ஓரளவு தலையிட்டிருக்கிறது. கட்டாய வரிகளையும் மிகைக்கட்டணங்களையும் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2012 முதல் வலியுறுத்துகிறது. நியாயமான அளவுள்ள கைப்பை பயணத்தின் இன்றியமையாப் பகுதி, ஏற்றும் பெட்டி அவ்வாறன்று என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 1958இன் சாண்ட்விச் இலக்கணத்துக்கு நேர் வாரிசு இது. பெட்டி, மாற்றம் முதலிய கட்டணங்களைத் தேடலின் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க விதி 2024 ஏப்ரலில் வெளியாகி, ஜூலையிலேயே நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது.

வரலாற்று மாணவர்களுக்கு ஒரு சிக்கல் எஞ்சுகிறது. 1950களின் கட்டணங்கள் அச்சிட்ட பட்டியல்களாக நூலகங்களில் இருக்கின்றன. இன்றைய விலை மணிக்கு மணி மாறி, தேடுபவருக்கேற்பப் பிரிந்து, சுவடின்றி மறைகிறது. சராசரிக் கட்டணம் குறைந்தது என்று கூறும் புள்ளிவிவரத்தைக் கண்டால், பெட்டி அதற்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொரு வேண்டுகோள்: 1960களிலும் 70களிலும் மேற்படிப்புக்காக அட்லாண்டிக்கைக் கடந்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பழைய காகிதங்களுக்கிடையே பயணச்சீட்டுப் புத்தகம் கிடக்கக்கூடும். அதில் பெட்டி பற்றிய நிபந்தனைகளைச் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெயரை மறைத்து அப்பக்கத்தின் படத்தை மட்டும் அனுப்பினால், தொகுத்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வைக்கிறேன்.