சினமும் சிகிச்சையும்: கொட்டித் தீர்த்தல் பற்றிய ஒரு மறு ஆய்வு

கோபத்தை உள்ளே வைத்தால் உடம்பைக் கெடுக்கும், கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகும் என்பது பரவலான நம்பிக்கை. இதற்கு உளவியலிலும் வேர் உண்டு. 1895இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூல், தேங்கிய உணர்ச்சி வெளியேறினால் நோய் தணியும் என்றது. ஆனால் கோபத்துக்கு இது பொருந்தாது. சிகிச்சை கவனிக்க வேண்டியது கோபத்தின் வெளிப்பாட்டை அன்று, அதற்கு முன் நிகழ்வைப் பற்றி மனம் செய்யும் மதிப்பீட்டையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். அவர்கள் எழுதியவை கடுமையாகச் சாடப்பட்டன. பின்னர் ஒரு பிரிவினர் சாடியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினர். வேறொரு பிரிவினர் சும்மா அமர்ந்திருந்தனர். குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, கூடியது. சும்மா இருந்தவர்களே பழிவாங்குவதில் மிகக் குறைந்த ஆவேசம் காட்டினர். 154 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டுப் பகுப்பாய்வும் இதை உறுதிசெய்தது: மூச்சுப் பயிற்சி, தியானம் போன்று உடலின் கொதிப்பைத் தணிப்பவை உதவின, கொதிப்பைக் கூட்டுபவை ஒட்டுமொத்தமாகப் பயன் தரவில்லை.

உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975இல் வகுத்த கோபச் சிகிச்சை முறை மூன்று படிகள் கொண்டது: கோபத்தின் போக்கை அறிதல், தணிக்கும் திறன்களைக் கற்றல், சீண்டும் சூழல்களைப் படிப்படியாக எதிர்கொண்டு பழகுதல். முதல் படிக்குக் கோபக் குறிப்பேடு உதவும். "மகன் போனை எடுக்கவில்லை" என்பது நிகழ்வு; "என்னை மதிக்கவில்லை" என்பது மதிப்பீடு. இரண்டையும் தனித்தனியே எழுதும்போதுதான், கொதிப்பை மூட்டியது இரண்டாவது வரி என்பது புலப்படுகிறது. கோபத்துக்கான இத்தகைய அறிதல்-நடத்தைச் சிகிச்சை குறித்த 50 ஆய்வுகளை 1998இல் தொகுத்த பெக்கும் பெர்னாண்டஸும், சிகிச்சை பெற்ற சராசரி நபர் பெறாதவர்களில் 76 விழுக்காட்டினரை விட மேம்பட்டிருந்ததைக் கண்டனர்.

கோபம் தானாகப் பொங்குவது, பயிற்சிக்கு வசப்படாது என்று மறுப்போர் உண்டு. ஆனால் மேலதிகாரி முன் அடங்கும் கோபம், வீட்டில் மனைவியிடம் வெடிப்பதை எப்படி விளக்குவது? பலிக்கும் இடத்தில் கோபத்தைக் காப்பதே காப்பு என்னும் கருத்தோடுதான் திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் தொடங்குகிறது. இடம் பார்த்து வெளிப்படும் கோபத்தில் கணிப்பும் கலந்திருக்கிறது. கணிக்கத் தெரிந்த மனம் வேறு விதமாகக் கணிக்கவும் கற்கும்.

ஆனால் இத்தகைய சிகிச்சைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கூலி மறுக்கப்பட்டவரின், சாதியால் இழிவுபடுத்தப்பட்டவரின் சினம் நோயன்று. அவரை வாயடைக்கச் செய்வது சிகிச்சையும் ஆகாது. மறுபுறம், வீட்டு வன்முறையை வெறும் கோபப் பிரச்சினையாகச் சுருக்கினால் ஆதிக்கம் மறைந்துவிடும். அங்கே பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே முதன்மை. ஆகவே சிகிச்சை பலித்ததா என்பதைக் கோபப்பட்டவரின் சொல்லை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களின் அச்சம் குறைந்ததா என்று, அவர்களைப் பாதுகாப்பான சூழலில் தனியே கேட்டறிய வேண்டும்.