மனுவில் ஒரு சொல், மன்றத்தில் ஒரு சொல்

மந்தைவெளியில் இரண்டு பெண்கள் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்று பேசும் முன்பே வந்து விழும் கேள்வி: "ரெண்டு பேரும் என்ன உறவு?" "ஃப்ரெண்ட்ஸ்" என்பார்கள், சிலர் "பெரியம்மா பொண்ணு" என்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டியிருக்கிறது.

2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பைப் படித்தபோது இந்த உரையாடல்தான் நினைவுக்கு வந்தது. 25 வயதுப் பெண் ஒருவரைக் குடும்பத்தார் அடைத்து வைத்திருப்பதாக ஆட்கொணர்வு மனு. மனுதாரர் தம்மை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே எழுதியிருந்தார். அந்தத் தயக்கத்தை நீதிபதிகள் குறையாகக் கருதவில்லை. நேரில் விசாரித்தபோது அந்தப் பெண், தாம் லெஸ்பியன், மனுதாரருடன் உறவில் இருப்பவர் என்றார். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று கூறி, அவரை அவர் விருப்பப்படி போகவிட்டது நீதிமன்றம்.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் 'குயர்' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தங்களுக்குச் சங்கடமாக இருப்பதாகவும் குறிப்பிட்டனர். விசித்திரமானது என்று அகராதி பொருள் சொல்லும் சொல்லால், தம் பாலீர்ப்பு தமக்கு இயல்பாக இருக்கும் ஒருவரை ஏன் அழைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அக்கறையில் பிறந்த வாதம்தான்; ஆனாலும் ஏற்பதற்கில்லை. வசையாக எறியப்பட்ட அச்சொல்லை எடுத்துத் தம் பெயராகச் சூடிக்கொண்டவர்கள், அதனால் ஏசப்பட்டவர்களே. கழற்றி வைக்கும் உரிமையும் அவர்களுடையதே.

தமிழில் இது புதிய சிக்கல் அல்ல. 'அரவாணி' வசைச்சொற்களுக்கு மாற்றாக வந்தது. கூத்தாண்டவர் கதையோடு பிணைந்த பெயர். 2008இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்த காலத்தில் 'திருநங்கை' பரவியது. பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு அதில் இடமில்லை, 'திருநம்பி' வேண்டியிருந்தது. இருவரையும் தழுவ 'திருநர்' வந்தது. ஒவ்வொரு சொல்லும் சிலரை உள்ளே அழைத்து, சிலரை வாசலிலேயே நிறுத்தியது. 'குயர்' என்பதற்குத் தமிழில் வழங்கும் 'பால்புதுமையர்' என்பதிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு: தொல்காப்பியமே பேசி, உரையாசிரியர்கள் 'பேடி' என்று எடுத்துக்காட்டும் மனிதர்களிடம் புதுமை என்ன? ஆனால் அச்சொல்லை விரும்பி ஏற்றவரிடம் என் உறுத்தலுக்கு வேலையில்லை.

மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னை வந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழக அரசு, திருநரையும் பால்புதுமையரையும் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. காவல் நிலையத்திலும் செய்தித்தாளிலும் வசை புழங்காமல் தடுக்க அது தேவை. ஆனால் ஒருவர் இன்று 'தோழி' என்று சொல்லி நாளை 'லெஸ்பியன்' எனலாம். எந்தப் பெயரும் வேண்டாம் என்றும் சொல்லலாம். பட்டியலைக் கையில் வைத்திருக்கும் காவலரே, நிருபரே, எதிரில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.