சானடோரியம்: ஒரு சொல்லின் வரலாறு

ஊர்ப் பெயர்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் பழம்பெயர்களையே ஆராய்ந்தனர். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் ‘ஊரும் பேரும்’ (1946) அத்துறைக்கு வழிகாட்டிய நூல். பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்பன போன்ற பெயர்கள் ஆய்வாளர் கருத்தை ஈர்ப்பது இயல்பே. ஆனால் சென்னைக் கடற்கரையினின்று தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டி, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே நிற்கும் நிலையத்தின் பெயரை ஆராய்ந்தார் அரியர். ‘சானடோரியம்’ என்னும் அப்பெயர் ஆங்கிலப் பொதுப்பெயர் ஒன்று தமிழ் வழக்கில் சிறப்புப் பெயராக மாறியதற்குத் தக்க சான்றாகும். அம்மாற்றத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலத்தில் நோயாளர் தங்கும் இடத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவை ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் வேரால் வேறுபட்டவை. ‘ஹாஸ்பிடல்’ என்பது விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ‘அசைலம்’ என்பது எவரும் பற்றிச் செல்லலாகாத புகலிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ‘இன்பர்மரி’ என்பது வலிவற்றோர்க்குரிய இடம். ‘சானடோரியம்’ என்பதோ குணப்படுத்துதல் என்னும் வினையடியாகத் தோன்றியது. அமெரிக்கர் பெருவழக்காக ஆண்ட ‘சானிடேரியம்’ என்னும் வடிவம் உடல்நலம் என்னும் பெயரடியாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி தொட்டு, தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றால் காசநோயைத் தணிக்கும் நீண்டநாள் உறைவிடம் என்பதே சானடோரியத்தின் சிறப்புப் பொருளாயிற்று.

இவ்வேறுபாட்டைத் தமிழில் பேணாமையால் நேரும் குழப்பத்திற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கணித மேதை இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்ற காலத்துக் கேம்பிரிட்சில் நோயர் விடுதியிலும், மெண்டிப் குன்றுப் பகுதியிலும் மாட்லாக்கிலும் சானடோரியங்களிலும், பின்னர் இலண்டன் பட்னியில் நர்சிங் ஹோமிலும் தங்கினார். இவை அனைத்தையும் ‘மருத்துவமனை’ என ஒரு சொல்லாற் கூறிச் செல்வோர் உளர். அங்ஙனம் கூறின், குளிர் மிக்க நாட்டில் திறந்த காற்றையே மருந்தாகக் கொண்ட முறையில் அவர் உற்ற இன்னல் படிப்போர்க்கு விளங்காது. சொல் மயங்கின் வரலாறும் மயங்கும்.

தமிழகத்திற்கு நோயாளர் உறைவிடம் புதிதன்று. செங்கற்பட்டை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையைக் கூறுகிறது. ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய அச்சாலையில் பதினைந்து கிடக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு நிவந்தம் அளிக்கப்பெற்றது. ‘ஆதுலர்’ என்னும் சொல் நோயாளரையும் வறியோரையும் ஒருங்கே குறிக்கும். ஹாஸ்பிடல் விருந்தினரை நினைந்தது. ஆதுலர் சாலை துணையற்றோரை நினைந்தது. எனினும் இச்சொல் பிற்கால வழக்கில் நிலைபெறவில்லை. ஆசுபத்திரியும் மருத்துவமனையும் அவ்விடத்தைக் கொண்டன.

மெண்டிப் குன்றில் இராமானுசனுக்கு மருத்துவம் செய்த டாக்டர் சௌரிமுத்து என்பவரே பின்னர்த் தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தையடுத்துக் காசநோய்ச் சானடோரியத்தை நிறுவியவர். இங்கிலாந்துக் குன்றில் அவர் கையாண்ட முறையும் அதன் பெயரும் ஒருங்கே சென்னைப் புறநகர்க்கு வந்தன. 1931-இல் மின்தொடர் வண்டி தாம்பரம் வரை ஓடத் தொடங்கியது. 1937-இல் அரசு அந்நிறுவனத்தை ஏற்றது. மதனப்பள்ளியில் 1915 முதல் நடந்த சானடோரியத்தின் இடம் ‘ஆரோக்கியவரம்’ எனப் பெயர் பெற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆண்டு இந்திய மொழிப்பெயர் ஊர்ப்பெயராயிற்று; ஈண்டு ஆங்கிலச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று. அண்டையிலுள்ள குரோம்பேட்டை, தோல் தொழிற்சாலையின் பெயரோடு ‘பேட்டை’ என்னும் ஈறு பெற்றது. சானடோரியம் எவ்வீறும் பெறாது தனித்தே நின்றது.

சொல் நிலைத்தது, அது குறித்த பொருள் நிலைக்கவில்லை. அம்மாற்றத்திற்குக் காரணமான ஆய்வும் இந்நகரிலேயே நிகழ்ந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தோன்றிய சென்னைக் காசநோய் வேதிமருத்துவ மையம் 1959-இல் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்து மருந்துண்டோரும் சானடோரியத்தில் தங்கியோரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம்பெற்றனர் என்பதும், வீட்டிலிருந்தோரால் உடனுறைவோர்க்கு நோய்த்தொற்று மிகவில்லை என்பதும் அதனால் தெளிந்தன. உலகெங்கும் சானடோரிய முறை தளர்வதற்கு இவ்வாய்வு துணைசெய்தது. தாம்பரத்து நிறுவனமும் நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. அதனருகே 1984-இல் ஏற்றுமதி மண்டலமும், 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தோன்றின. இன்று அந்நிலையத்தில் இறங்குவோருள் தொழிற்கூடம் செல்வோரும் குடியிருப்போரும் மாணவரும் உளர். ஒருகாலத்தில் கேட்டோர் அஞ்சிய சொல், இன்று பயணச்சீட்டுக் கேட்கும் சொல்லாய் அமைந்துவிட்டது.

இச்சொல் சிறப்புப் பெயராயிற்று என்பதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. ‘சானடோரியத்தில்’, ‘சானடோரியத்துக்கு’ என வேற்றுமை ஏற்குங்கால் மரம் முதலிய மகர ஈற்றுச் சொற்களைப் போல அத்துச் சாரியை பெறுகின்றது. தொகைநிலையிலோ இருவகை நிலை காணப்படுகின்றது. ‘சானடோரியச் சிகிச்சை’ என்புழி மகரம் கெடுகின்றது, அது பொதுப்பெயர். ‘சானடோரியம் ரயில் நிலையம்’ என்புழி மகரம் கெடாது நிற்கின்றது. ‘தாம்பரம் ரயில் நிலையம்’ என்பதும் இக்கால வழக்கில் அவ்வாறே நிற்றல் காண்க. எனவே ஊர்ப்பெயர்க்குரிய நெறியையே மக்கள் நாவு இச்சொல்லுக்கு வழங்கிவிட்டது. எழுத்தில் ‘சானட்டோரியம்’, ‘சானிடோரியம்’ என்னும் வடிவங்களும் காணப்படுவது, ஒலி இன்னும் முற்றும் நிலைபெறாமையைக் காட்டும்.

இவற்றால் அகராதி செய்வோர்க்கு இரு கடமைகள் புலனாகும். நோய்தணிக்கும் உறைவிடம் என்னும் பொதுப்பொருளில் தமிழ்ச்சொல் வேண்டப்படின், மருத்துவமனை என்பதினும் வேறான சொல்லை ஆளல் வேண்டும். இல்லையேல் இராமானுசன் வரலாற்றிற் கண்ட மயக்கமே மிகும். ஊர்ப்பெயராகிய சானடோரியத்தையோ மொழிபெயர்த்தல் தகாது. தனிப்பதிவாக அமைத்து அதன் வரலாற்றை எழுதுதல் வேண்டும். திருமுக்கூடல் ஆதுலர் சாலையின் பெயரைக் கல் காத்தது. தாம்பரத்துச் சானடோரியத்தின் பெயரை நிலையப் பலகையும் மக்கள் பேச்சும் காத்து வருகின்றன. அப்பெயர் உணர்த்தும் வரலாற்றைக் காத்தல் அகராதியின் கடனாகும்.