கொழுந்தும் குழந்தையும்

விடிவதற்கு வெகு முன்னரே அடுப்பு மூட்டப்படும் வீடுகள் நாட்டில் எங்கும் உண்டு. ஆனால் அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த அடுப்பருகே குந்தியிருக்கும் தாயின் உள்ளத்தில் வேறொரு கணக்கும் தலைமுறை தலைமுறையாக ஓடி வந்திருக்கிறது. பெரட்டுக்குப் போகுமுன் குழந்தைக்கு ஒருமுறை பாலூட்டியாக வேண்டும். அடுத்த முறை எப்பொழுது ஊட்டலாம் என்பதை அவள் தானாகத் தீர்மானிக்க இயலாது. அது மலையின் தூரத்தையும், கொழுந்து நிறுக்கும் நேரத்தையும், கங்காணியின் மனத்தையும் பொறுத்தது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் நின்ற இந்த இடைவெளியை நிரப்பத் தோன்றியதே பிள்ளைக் காம்பரா. மலைநாட்டு மக்களின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியையும், துண்டுக் கடனையும், சங்கங்களையும் விரித்து எழுதுவர். பிள்ளைக் காம்பராவுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது.

தொடக்கத்தில் இப்படி ஒரு காம்பரா தேவைப்படவில்லை. 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்திலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை 100 மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கடந்த அந்தப் பயணத்தில், வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். கைக்குழந்தையோடு அவ்வழியில் வரத் துணிந்த தாய்மார் சிலரே.

இந்நிலையை மாற்றியது ஓர் இலை நோய். 1869-ஆம் ஆண்டில் கோப்பிச் செடியைப் பற்றிய அந்நோய், அடுத்த இருபது ஆண்டுகளில் அப்பயிரையே அழித்துவிட்டது. அதற்கு முன்னரே, 1867-இல், லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக்கு இருந்தது போன்ற ஓய்வு மாதங்கள் தேயிலைக்கு இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஒரு மலையில் எடுத்து முடித்துச் சில நாள்களில் மீண்டும் அதே மலைக்கு வரவேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரைந்து கிள்ளும் வேலைக்குப் பெண்களின் கையே ஏற்றது எனத் துரைமார் முடிவு கட்டினர். பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவு என்பதும் அம்முடிவுக்கு உதவியிருக்கும் அன்றோ! 1929-இல் முதன்முறையாகச் சட்டப்படி விதிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆண் பெண் சம கூலிக்கு 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆக, குடும்பத்தை மலைநாட்டில் நிலைபெறச் செய்தது தேயிலை. 1884-இல் அட்டனுக்கும் மறு ஆண்டு நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்து சேர்ந்தபோது, கணவன், மனைவி, குழந்தை, கிழவி எனக் குடும்பமாகவே ஆட்கள் வந்து இறங்கினர். அவர்களுக்குக் கிடைத்த இல்லம், வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒற்றைக் காம்பரா. தனியாள் தங்கும் கொட்டடியாக எழுந்த அந்த இடத்தில்தான் சமையலும், உறக்கமும், பிள்ளைப்பேறும், பிள்ளை வளர்ப்பும் நடந்தேறின.

அந்தச் சிறு காம்பராவில் தாய்மார் கையாண்ட முறைகள் சிலவற்றை இன்றைய மருத்துவரும் மெச்சுவர். பழைய நூற்சேலையை உத்தரத்தில் கட்டிய ஏணை, குழந்தையை ஈரத் தரையிலிருந்து உயர்த்திவைத்தது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு 6000 அடிக்கு மேல் உள்ள ஊர். அங்குத் தரையின் குளிர் பெரியவர் எலும்பையே நடுக்கும். பிறந்த குழந்தையைத் தாயின் உடம்போடு அணைத்துக் கம்பளியாற் போர்த்துக் கிடத்தும் வழக்கமும் அக்குளிருக்கேற்ற நல்ல வழக்கமே. ஆனால் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுதலும், வசம்பை உரைத்துப் புகட்டுதலும், மூன்றாம் மாதத்திலேயே சீனி போட்ட தேயிலைச் சாயம் பருகக் கொடுத்தலும் நல்லன அல்ல. கொடிதினும் கொடிது புகை. கவ்வாத்து வெட்டிய ஈர மிலாறே விறகு, புகைபோக்கி இல்லை, குளிருக்கு அஞ்சிக் கதவையும் சாத்திவைப்பர். அட்டன் மழையில் நனைந்த துணியும் அவ்வடுப்பின் மேலேயே உலரும். மார்ச்சளி கண்டு குழந்தைகள் மாண்டதற்குக் காற்றையும் கண்ணேற்றையும் பழித்தார்களேயன்றி, அடுப்பை எவரும் பழிக்கவில்லை. ஏணையை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் கட்டுதல், சமைக்கும் வேளையில் கதவைத் திறந்து குழந்தையை வெளித் திண்ணையில் ஒருவர் மடியில் இருத்துதல் போன்ற சிறு மாற்றங்களே பல உயிர்களைக் காத்திருக்கும்.

தாய் மலைக்குப் போனபின் குழந்தை எங்கே இருந்தது? முதலில் அதுவும் மலைக்கே போயிற்று. நிழல்மரக் கிளையில் ஏணை ஆடியது. மழை வந்தால் படங்குச் சாக்கே கூரை. அட்டையும் குளவியும் உலவும் இடத்தில் இது நெடுநாள் நடக்கக் கூடியதன்று. வேலை தடைப்படுகிறது என்று தோட்டத்தாரும் முணுமுணுத்தனர். கொழுந்தெடுக்க வலுவற்ற ஒரு கிழவியிடம் குழந்தைகளை விட்டுச் செல்லும் வழக்கம் இவ்வாறு உருவாயிற்று. அவளுக்கென ஒரு காம்பரா ஒதுக்கப்பட்டது. உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கின. தோட்டம் அவளுக்கும் பெயர் போட்டது. அதுவே பிள்ளைக் காம்பரா. சில தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்றும் அதனை வழங்குவர். அக்கிழவியைப் பிள்ளைகள் ஆயம்மா என்று அழைத்தன.

ஆயம்மாவுக்குப் பயிற்சி கிடையாது. ஆனால் பழக்கம் உண்டு. எந்தக் குழந்தை எந்தத் தாலாட்டுக்கு அடங்கும் என்பதை அவள் அறிவாள். மலைநாட்டுத் தாலாட்டுகளில் ஊர்ப் பெயர்களோடு தோட்டத்துப் பெயர்களும் கலந்து வருவதற்கு, இத்தகைய பாட்டிமாரும் ஒரு காரணம் எனலாம். வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, அவற்றை மலைநாட்டு மக்களின் வரலாற்றுச் சான்றாகவே மதித்தார். எழுதத் தெரியாத ஒரு சமூகத்தின் நாட்குறிப்பு வேறு எங்கே இருக்கக்கூடும்?

எனினும் பாட்டு மட்டும் பசியை ஆற்றாது. 1920களில் தோட்டங்களில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று, முதலாண்டு நிறையுமுன் மாண்டது. இதன் வேர் தாயின் இரத்தத்திலேயே இருந்தது. மலசலகூடம் இல்லாத லயங்களைச் சுற்றி ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தோரின் பாதத்தைத் துளைத்துக் கொக்கிப்புழு உடலிற் புகுந்தது. இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை விளைத்தது. சோகையுற்ற தாய்க்கு எடை குறைந்த குழந்தை. 1916-இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், மருந்து கொடுத்ததோடு மலசலகூடமும் கட்டச் சொன்னது. மருந்து எளிதில் ஏற்கப்பட்டது. மலசலகூடத்துக்குப் பணம் செலவாகும் ஆதலால் அது மெல்லவே வந்தது.

சட்டம் முற்றிலும் கண்மூடி இருந்ததாகச் சொல்ல இயலாது. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும் என்றும், அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என்றும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பைத் தோட்டத் துரை கவனிக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் 1923 முதல் கண்டியில் இருந்து, லயங்களையும் பிரசவ உதவிகளையும் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை விடுத்து வந்தார். 1931-இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரும், அவருடன் தோட்டந்தோறும் சென்று பாட்டாலேயே மக்களைத் தட்டியெழுப்பிய அவர் மனைவி மீனாட்சி அம்மையும், தொழிலாளர் குறைகளை வெளியுலகின் செவியில் விழச் செய்தனர். 1939-இல் பிரசவ உதவிச் சட்டம் வந்தது.

இவற்றுக்கெல்லாம் பிறகும் எஞ்சிநின்றது பால்நேரக் கணக்கு. 1978-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்க்கு வேலைநேரத்தில் இருமுறை பாலூட்டும் இடைவேளை உறுதியாயிற்று. குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அரைமணி. இல்லையேல் ஒரு மணி. நகரத்து அலுவலகத்துக்கு இது நியாயமான கணக்குத்தான். ஆனால் மலையுச்சியில் கொழுந்தெடுப்பவளுக்கு, பிள்ளைக் காம்பராவுக்கு இறங்க ஒரு கால்மணி, மீண்டும் ஏற ஒரு கால்மணி. பாலூட்ட எஞ்சும் நேரம் எவ்வளவு? எழுதப்படாத ஒரு வழக்கமே இவ்விடத்தில் அவளுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. கைக்குழந்தை உள்ளவளைப் பிள்ளைக்காரி என்பர். பிள்ளைக்காரி சற்றுப் பிந்தி வரலாம், சற்று முந்திப் போகலாம் என்று நல்ல கங்காணி கண்டும் காணாமல் விடுவான். கண்டிப்பான கங்காணி வாய்த்தால் அரைப்பேர்தான். அதாவது அரைநாட் சம்பளம்.

இதற்கிடையே நாட்டு அரசியலும் ஏணையை அசைத்தது. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எண்களாகப் பிரித்தது உறவுகளையும் பிரித்துவிட்டது. அப்பாயிக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகனுக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்றானபோது, பேரக்குழந்தையைத் தூக்கி வளர்த்த கை தலைமன்னாரில் கப்பலேறிற்று. குழந்தையின் பிறப்பைப் பதிந்து, பதிவுத் துண்டைத் தகரப்பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, மலைநாட்டில் பால்சோற்றுக்கு இணையான வளர்ப்புப் பாடமாகியது அக்காலத்தில்தான். நாடற்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்க 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே ஆண்டுகளில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, காணி ஒரு துண்டும் இல்லாத தோட்டத்தாரே அதிகமாகப் பசித்தனர். குழந்தைகளின் சாவு மீண்டும் ஏறியது. கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கும் திரிபோஷா மாவு 1973-இல் அறிமுகமாயிற்று. தோட்ட நிர்வாகம் 1992-இல் கம்பெனிகளின் கைக்கு மாறிய பின்னர், பிள்ளைக் காம்பராக்கள் பல, சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயர் பூண்டன. பெயரோடு வேறு சிலவும் மாறின. பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பேற்றனர், தராசு வந்தது, சுவரில் அகரமும் யானைப் படமும் வந்தன. மாதந்தோறும் எடை குறித்து, கோடு கீழே சாயும் குழந்தையைக் கண்டுபிடிக்கும் வழக்கம் வந்தது. தாய்மார் இப்பொழுது பிள்ளை பெறுவது பெரும்பாலும் மருத்துவமனையில்.

ஆயினும் 2016-இல் நாடளாவிய சுகாதார ஆய்வு எடுத்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டில் 100-க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 32 பேர். இவ்வேறுபாட்டுக்கு வறுமை, தாயின் எடைக்குறைவு, கழிவுநீர் வசதியின்மை எனக் காரணங்கள் பல. பிரசவ விடுமுறை, 2018-இன் திருத்தத்தின்படி எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள். குழந்தைக்கு ஆறுமாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா என்று தாய்சேய்ச் செவிலியர் எடுத்துரைக்கின்றனர். விடுமுறையோ அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. நான்கு மாதக் குழந்தையோடு பெரட்டுக்கு நிற்பவளிடம் அந்த அறிவுரையைச் சொல்வது எளிது. அவள் அதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், நிலையத்துக்கு அருகான மலையில் அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும். பிள்ளைக்காரிகளை நிலையத்தின் அண்டை மலையிலேயே நிறுத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. கணக்கப்பிள்ளை காலையில் ஆட்களைப் பிரிக்கும்போது ஒரு கணம் நினைத்தாற் போதும்.

மாலையில் கடைசி நிறுவை முடிந்ததும் பெண்கள் நிலையத்து வாசலுக்கு வருகின்றனர். கொழுந்தின் கறை விரல்நுனிகளிற் கறுத்துப் படிந்திருக்கும். களைக்கொல்லி தெளித்த மலையில் நடந்த நாளாயின் பாவாடை ஓரத்தில் அந்த நஞ்சும் ஒட்டியிருக்கும். வாசலில் உள்ள குழாயில் முழங்கை வரை கழுவி, படங்கை அவிழ்த்துப் புறத்தே போட்டுவிட்டு உள்ளே வரும்படி நிலையப் பெண் சொல்கிறாள். உள்ளே குழந்தை தாயின் குரலைக் கேட்டுவிட்டது. அழத் தொடங்கிவிட்டது. குழாயில் தண்ணீர் குளிர்ந்து மெல்ல வழிகிறது. வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் நிற்கின்றனர்.